கையைக் கட்டக் கூடாது

டீச்சருக்கு முதலில் வலியெடுத்தது வலது மணிக்கட்டில். அப்புறம் தோள்பட்டை. அதற்கப்புறம், இன்ன இடம் என்று தொட்டுக் காட்ட முடியாத ஓர் அலுப்பு, ஈரத்துணி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. தூங்கி எழுந்தாலும் அது போகவில்லை. தூங்கத்தான் யார் விட்டார்கள்?

அவள் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள். தொற்று பரவிப் பள்ளிக்கூடங்களுக்குப் பூட்டு விழுந்ததும் தலைமைச் செயலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். சுகாதாரச் செயலர் தினமும் சாயங்காலம் பத்திரிகைக்காரர்களைச் சந்திப்பார். இன்றைக்கு எத்தனை பேருக்கு நோய், எந்த மாவட்டத்தில் எவ்வளவு படுக்கை, எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று மைக்கில் சொல்வார். அவர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு என்றுதான் பேச்சு. நோய் அப்படிப் பேச்சுக்குக் கட்டுப்படுகிற ரகமில்லை. முதல் அலை போய், ஜனங்கள் கொஞ்சம் மூச்சுவிட்டு, இரண்டாவது அலை தலைக்கு மேல் எழுந்து நின்றபோதும் அவள் அதே மூலையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

டிவியில் திரையின் கீழ்க்கோடியில் ஒரு சின்ன வட்டத்துக்குள் தெரிவாள். காது கேளாதவர்கள் தங்களுக்குள் ஆளுக்கொரு கைப்பெயர் வைத்துக்கொள்வார்கள். மாநிலம் முழுக்க அவளுக்கு விழுந்த பெயர், ஆள்காட்டி விரலால் கன்னத்தருகே ஒரு சுற்று. ஜன நெரிசல் மிகுந்த அவ்வளவு பெரிய மாநிலத்தில், அரசாங்கம் என்று அவர்களுக்குப் புரிகிற மாதிரி பேசிய முகம் அது ஒன்றுதான்.

முகம் என்று சொன்னால் முகத்தின் கதையையும் சொல்லியாக வேண்டும். சைகை மொழியில் கை பாதிதான், மீதி முகம். புருவம் ஏறினால் கேள்வி. உதடு குவிந்தால் ‘கொஞ்சம்’. கன்னம் உப்பினால் ‘ஏராளம்’. முதல் நாள் எல்லாரையும் போல அவளும் துணி முகக்கவசம் போட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

“பாதி வாக்கியத்தை வீட்டிலேயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?” என்று கையால் கேட்டான்.

அண்ணன் தையல்காரன். அவனுக்கும் காது கேட்காது, அண்ணிக்கும் கேட்காது. மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். டீச்சர் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே சைகை பழகியது அண்ணனோடு சண்டை போடுவதற்காகத்தான். அவன் அன்றைக்கே உட்கார்ந்து, வாய்க்கு நேராகக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்து ஒரு முகக்கவசம் தைத்தான். மறுநாள் அது அவள் மூச்சு பட்டுப் பனி படர்ந்து, உதடே தெரியாமல் போயிற்று. அண்ணி உள்பக்கம் லேசாகச் சோப்பைத் தடவித் துடைத்துக் கொடுத்தாள். பனி நின்றது. அன்றிலிருந்து நோய்க் கணக்கு, ஊரடங்கு, சாவு என்று எதைச் சொன்னாலும் டீச்சரின் மூக்கில் சோப்பு வாசனை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழைய மாணவன் ஒருவன் அவளுடைய போன் எண்ணை யாருக்கோ கொடுத்தான். அந்த யாரோ இன்னும் பத்துப் பேருக்குக் கொடுத்தார். அரசாங்கம் படுக்கை கேட்பதற்கென்று ஓர் உதவி எண் வைத்திருந்தது. கூப்பிட்டால் ஒரு குரல் வந்து ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்னும். பிறகு சங்கீதம். பிறகு ஒரு மனிதர். காது கேட்காதவர் அதில் என்ன செய்வார்? டிவியில் தெரிந்த வட்டத்துக்காரியை வீடியோவில் கூப்பிட்டார்.

அவள் இதைச் செய்தி அதிகாரியிடம் சொன்னாள். இரண்டு கையிலும் இரண்டு போனோடு நடக்கிற நல்ல மனிதர் அவர். “மேடம், அது வேற டிபார்ட்மெண்ட்” என்றார். செயலரிடமே சொன்னாள். அவர் நின்று கேட்டார். “ரொம்ப சரி. வீடியோவுல ஓர் உதவி எண் வேணும். ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க” என்றார். குறிப்பு மேலே போனது, எந்த நிதியில் என்று கேள்வியோடு கீழே வந்தது, பதிலோடு மறுபடி மேலே போனது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆக்ஸிஜன் லாரி எங்கே நிற்கிறது என்று மணிக்கொரு தரம் தேடுகிற மனிதருக்கு இது நினைவில் இருக்குமா?

ஆக, உதவி எண்ணே அவள்தான் என்றாகிவிட்டது. பல் தேய்க்கும்போது போன் கண்ணாடிக்கு முன்னால் சாய்ந்திருக்கும். வீடியோவில் எதிராளி சைகையில் சொல்வதைப் பார்த்து, இன்னொரு போனில் உதவி எண்ணைப் பிடித்து வாயால் சொல்வாள். சில இடத்தில் படுக்கை கிடைத்தது. பல இடத்தில் கைவிரித்தார்கள். கிடைக்கவில்லை என்பதையும் அவள்தான் சொல்ல வேண்டும், அதுவும் முகத்தோடு.

அப்படி ஒரு நாள் காலையில் வந்ததுதான் அச்சகக்காரர் வீட்டு அழைப்பு.

வேறொரு ஊரில் பெரிய அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். இயந்திரம் போடுகிற கூச்சலுக்கு மற்றவர்களெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ள, இவர் பாட்டுக்கு நிம்மதியாக நின்று காகிதம் அடுக்கியவர். அவருடைய மனைவிக்கும் காது கேட்காது. பிள்ளைகள் இல்லை. திரையில் அந்த அம்மாள் போனைத் திருப்பிக் காட்டினாள். கட்டிலில் அவர் உட்கார்ந்தபடியே தோளால் மூச்சிழுத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் உதவி எண்ணைப் பிடித்தாள். எதிர்முனையில் தொண்டை கட்டிப்போன ஓர் இளைஞன். அவனும் காலையிலிருந்து எத்தனை பேருடைய அழுகையைக் கேட்டிருந்தானோ.

“போனைப் பேஷண்ட் கிட்ட குடுங்க மேடம்.”

“அவருக்குக் காது கேக்காதுங்க. அவருக்காக நான் பேசறேன்.”

“பக்கத்துல வேற யாரு இருக்காங்க?”

“அவர் சம்சாரம். அவங்களுக்கும் கேக்காது.”

ஒரு பெருமூச்சு கேட்டது. “சரி. ஆக்ஸிஜன் அளவு என்ன காட்டுது?”

அந்த அம்மாள் கணவரின் விரலில் மாட்டியிருந்த கருவியைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். டீச்சர் பார்த்துச் சொன்னாள். நல்ல எண் இல்லை அது. ஆனால் அன்றைக்கு அதைவிட மோசமான எண்கள் வரிசையில் நின்றன.

“மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேசறாரா?”

“அவர் பேச மாட்டாருங்க.”

“பேசவே முடியலையா?”

“அது வந்து தம்பி, அவருக்குப் பிறவியிலேயே…”

எதிர்முனையில் விசைகள் தட்டுகிற சத்தம் ஓடியது. “பேச்சு இல்லைன்னு போட்டுட்டேன் மேடம். அதனால அவசரப் பிரிவுல முன்னாடி வந்துட்டாரு. அவங்க ஊர் பெரிய ஆஸ்பத்திரியிலயே ஓர் இடம் இருக்கு. ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா? சொல்லுங்க, லைன்ல ஆள் நிக்கிறாங்க.”

டீச்சர் வாயைத் திறந்தாள். திரையில் அச்சகக்காரரின் தோள் ஏறியது, இறங்கியது.

“அனுப்புங்க” என்றாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. அந்த அம்மாளுக்கும் லேசான தொற்று. வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனார்கள். டீச்சர் நடந்ததை வீட்டில் சொன்னபோது அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “நமக்குப் பேச்சு வராததால நடந்த ஒரே நல்ல காரியம் இதுதான்!” என்றான். அண்ணி அவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாலும் அவளும் சிரித்தாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

இரண்டொரு நாள் கழித்து, மத்தியானம் டீச்சர் தட்டில் கை வைத்த நேரத்தில் அந்த அம்மாள் கூப்பிட்டாள். முகம் வெளிறியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். டீச்சருக்கு முதலில் புரியவில்லை. போலீஸா என்று கேட்டாள்.

“இல்லை. ஆஸ்பத்திரியில அவர் கையைக் கட்டிப் போட்டிருக்காங்க. நர்ஸ் வீடியோவுல காட்டினா. ரெண்டு கையும் கட்டில் கம்பியில. என்னைப் பார்த்ததும் விரலை மட்டும் அசைச்சாரு. என்ன சொல்றாருன்னே தெரியல. இத்தனை வருஷத்துல அவர் சொல்றது எனக்குப் புரியாமப் போனது இதுதான் முதல் தடவை.”

காது கேட்கிறவர் கையைக் கட்டினால் கை மட்டும்தான் கட்டுப்படும். இவர் வாயையே கட்டியிருக்கிறார்கள். டீச்சர் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு ஆஸ்பத்திரியைப் பிடித்தாள். யார் யாரிடமோ மாறி, கடைசியில் அந்த வார்டு நர்ஸ் கிடைத்தாள்.

“அம்மா, எனக்கு மட்டும் ஆசையா?” என்றாள் நர்ஸ். கவச உடைக்குள்ளிருந்து பேசுவதால் குரல் தொலைவில் கேட்டது. “ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் பிச்சு எறியறாரு. என்னைப் பார்த்தா கையைக் கையை வீசறாரு. பக்கத்து பெட்காரரை அடிக்கப் போனாரு.”

“அடிக்கப் போகலை சிஸ்டர். அவர் பேசறாரு. அதுதான் அவர் பேச்சு. அவருக்குக் காது கேக்காது.”

“அப்படின்னு ஒண்ணும் எழுதலையே. கேஸ் ஷீட்டுல என்ன போட்டிருக்குன்னா… ‘பேச்சு இல்லை, மனக்குழப்பம்.’ அப்படித்தான் வந்தாரு.”

அந்த முதல் இரண்டு வார்த்தைகளை எங்கே கேட்டோம் என்று டீச்சர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மனக்குழப்பத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார்கள். பேச்சு இல்லை என்று இருந்தால் மனக்குழப்பம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாதா?

“அது தப்பு சிஸ்டர். அவர் பிறவியிலேயே காது கேக்காதவர். புத்தி தெளிவா இருக்கு. படுக்கை கிடைக்கணுமேன்னு நான்தான் அதை அப்படியே விட்டுட்டேன். தயவுபண்ணி அவுத்து விடுங்க.”

நர்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“இந்த வார்டு முழுக்க நாங்க ரெண்டே பேர்” என்றாள். “டாக்டர் கட்டச் சொன்னாரு. அவர் இப்ப ஐசியூவுல இருக்காரு, எப்ப வருவாருன்னு தெரியாது. நானா அவுத்துவிட்டு, இவர் மாஸ்க்கை எடுத்துட்டு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? மேலேருந்து சொல்லச் சொல்லுங்க, இந்த நிமிஷமே அவுக்கறேன்.”

மேலே என்றால் டீச்சருக்குத் தெரிந்த மேல் ஒன்றுதான். அன்று வழக்கத்தைவிட முன்னாலேயே தலைமைச் செயலகத்துக்குப் போய், கூட்ட அறைக்கு வெளியே நடைபாதையில் நின்றாள். சுவரோரம் கிருமிநாசினிக் கேன்கள் அடுக்கியிருந்தன. செயலர் வந்தபோது அவரைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் காதோரம் ஏதோ சொல்லிக்கொண்டே வர, அவர் நடந்தபடியே ஒரு பிஸ்கட்டை இரண்டாக ஒடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அதுதான் அவருடைய மத்தியானச் சாப்பாடு என்று பின்னால் செய்தி அதிகாரி சொன்னார்.

“சார், ஒரு நிமிஷம்.”

“மேடம், இப்ப வேணாம்” என்று செய்தி அதிகாரி இரண்டு போனையும் குறுக்கே நீட்டினார்.

செயலர் நின்றார். “அரை நிமிஷத்துல சொல்ல முடிஞ்சா சொல்லுங்கம்மா.”

இத்தனை மாதமாக அவருடைய வார்த்தையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய வார்த்தை என்று வந்தபோது நாக்கு புரளவில்லை. வார்த்தைகளை முந்திக்கொண்டு முதலில் கைதான் எழுந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டுப் பேசினாள்.

“காது கேக்காத பேஷண்டை ஆஸ்பத்திரியில கட்டிப் போடறாங்க சார். அவங்க கையை ஆட்டிப் பேசறதைப் பார்த்து, புத்தி கலங்கிட்டுதுன்னு நினைக்கிறாங்க. எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கறதால உதட்டைப் பார்த்தும் புரிஞ்சுக்க முடியல. மூக்குல ஏன் எதையோ வெச்சு அழுத்தறாங்கன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. பிடுங்கத்தானே செய்வாங்க?”

“எந்த ஆஸ்பத்திரி? பேஷண்ட் பேர் சொல்லுங்க. பேசச் சொல்றேன்.”

“சொல்றேன் சார். ஆனா எனக்குத் தெரிஞ்சே இன்னும் சில பேர் உள்ள இருக்காங்க. தெரியாம எத்தனை பேரோ. பொதுவா ஒரு ஆர்டர் போடுங்க.”

“பொது ஆர்டர்னா ஃபைல் சுத்தி வரணும்மா. நாலு நாளாவது ஆகும்.”

“இன்னும் கொஞ்ச நேரத்துல நீங்க மைக்குக்கு முன்னாடி நிப்பீங்களே சார்.”

அவர் அவளைப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம்கூட இல்லை. இன்னும் ஒன்றா என்கிற பார்வை. பிறகு கையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். சரி என்றாரா, இல்லை என்றாரா என்று அவளுக்கே தெரியவில்லை. இதைக்கூட வாங்கத் தெரியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டு, கவசத்தை மாட்டிக்கொண்டு மூலையில் போய் நின்றாள்.

கூட்டம் எப்போதும் போல நடந்தது. நோய்க் கணக்கு, சாவுக் கணக்கு, புதிதாகப் பிடித்த கல்யாண மண்டபங்களில் போட்ட படுக்கைகள். பத்திரிகைக்காரர்கள் ஆக்ஸிஜனைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அவர் திருப்பித் திருப்பிப் பதில் சொன்னார். அவள் கை தன்பாட்டுக்கு ஓடியது. முடிந்துவிட்டது என்று எல்லாரும் நாற்காலியை நகர்த்தினார்கள். செயலர் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு மறுபடி மைக் பக்கம் குனிந்தார்.

“இன்னொன்று. காது கேளாத நோயாளிகளின் கைகளை எந்த மருத்துவமனையிலும் கட்டக் கூடாது. அவர்கள் கையால்தான் பேசுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தவர்களோடு வீடியோவில் பேச வைத்து, சிகிச்சையை விளக்க வேண்டும். இதை உத்தரவாக எடுத்துக்கொள்ளலாம். எழுத்தில் பின்னால் வரும்.”

டீச்சரின் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் சொன்னது. காது கேளாத நோயாளி. கை. கட்டு. கூடாது. அந்தக் ‘கூடாது’க்கு அவள் முகம் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது. அண்ணன்தான் பிறகு செய்து காட்டினான், பார்க்கப் பயமாக இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பிறர் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம், அவளே பலருக்குச் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. ‘இதை இப்பவே போன்ல பிடிச்சு வெச்சுக்கோ. நர்ஸ் கிட்ட காட்டு’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் இறங்கியது.

அந்த உத்தரவைப் பத்திரிகைக்காரர்கள் யாரும் கண்டுகொள்ளவில்லை. டீச்சர் வீட்டுக்குக்கூடப் போகாமல், படிக்கட்டில் உட்கார்ந்து அந்தத் துண்டு வீடியோவை நர்ஸுக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டு நர்ஸே கூப்பிட்டாள், வீடியோவில். கண் மட்டும் தெரிந்தது.

“செயலரே சொல்லிட்டாரா? அப்ப எனக்கென்ன. அவுத்துட்டேன். ஆனா மாஸ்க்கை மறுபடி எடுப்பாரே. எடுக்காதீங்கன்னு கையால எப்படிச் சொல்றது? எனக்குக் காட்டுங்க.”

டீச்சர் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே காட்டினாள். நர்ஸ் இரட்டைக் கையுறை போட்ட விரல்களால் செய்து பார்த்தாள். தப்பாக வந்தது. டீச்சர் மறுபடி காட்டினாள். “இது மூச்சு. இது நல்லது. இது வேணும். முகத்தைச் சுளிக்காதீங்க சிஸ்டர், சுளிச்சா திட்டற மாதிரி ஆயிடும்.” “என் முகம் எங்கம்மா தெரியுது?” என்று நர்ஸ் சிரித்தாள். பிறகு போனை அச்சகக்காரர் பக்கம் திருப்பினாள். அவர் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே டீச்சரைப் பார்த்தார். மெதுவாக, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“நீங்க ஒண்ணும் பண்ணலை. தப்பு பண்ணினது நான்” என்றாள் டீச்சர். நடந்ததை அவருக்குப் புரியும்படி சொன்னாள். அவர் கண்ணெடுக்காமல் பார்த்தார். மாஸ்க்கைத் தானே எடுத்து மூக்கில் சரியாக வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் அண்ணன் வாசலிலேயே காத்திருந்தான்.

“கடைசியில ஒண்ணு சொன்னியே, பிடிச்சு வெச்சுக்கோ, நர்ஸ் கிட்ட காட்டுன்னு. அது அவர் சொன்னதில்லையே.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நீ அதைச் சொல்லும்போது அவர் தண்ணி குடிச்சிட்டிருந்தாரே!”

திட்டப் போகிறான் என்று நினைத்தாள். அவன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அண்ணி வெந்நீரில் துணியை நனைத்து மணிக்கட்டில் சுற்றிவிட்டாள். அப்படியே சாய்ந்தவள், போன் அதிர்ந்த பிறகுதான் கண் விழித்தாள்.

கதை இங்கே நன்றாக முடிந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அச்சகக்காரர் கொஞ்சம் தேறினார். தினமும் மத்தியானம் நர்ஸ் போனைக் கட்டில் கம்பியில் சாய்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். கணவனும் மனைவியும் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு ஒரு நாள் காலையில் திடீரென்று மூச்சு முட்டி, ஐசியூவுக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டார். அதை அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டிய வேலையும் டீச்சருக்குத்தான் வந்தது. போனை எதிரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். கையைத் தூக்குவதற்கு முன்பே அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. முகம் பாதி மொழி என்று சொன்னோமே.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மாளே கூப்பிட்டாள். எடுக்க டீச்சருக்குப் பயமாக இருந்தது. சைகையில் நீயும் நீங்களும் ஒன்றுதான். முகத்தை வைத்துத்தான் மரியாதையா கோபமா என்று கண்டுகொள்ள வேண்டும்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் அந்த அம்மாள். “அன்னிக்கு ஆம்புலன்ஸுக்காக நீ போன்ல பேசும்போது உன் உதட்டைப் பார்த்தேன். ஏதோ சொல்ல வந்து நிறுத்தினே.”

டீச்சர் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேச மாட்டார் என்றது, அதை உதவி எண் இளைஞன் தப்பாக எழுதியது, தான் திருத்தாமல் விட்டது, அதனால் கையைக் கட்டியது.

“கட்டிப் போட்ட அந்த நாளை நான் மறக்க மாட்டேன்” என்றாள் அந்த அம்மாள். “நீயும் மறக்காதே. ஆனா அவுத்துவிட்ட அப்புறம் நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? சண்டை போட்டோம். கூரை ஒழுகற இடத்துல வாளியை மாத்தி வெச்சுட்டேனாம். படுத்த படுக்கையில இருந்துகிட்டு எனக்கு வாளி வைக்கச் சொல்லித் தராரு! நர்ஸ் வந்து, ஏன் இவருக்கு இப்படி மூச்சு வாங்குதுன்னு பயந்துட்டா. கை கட்டியிருந்தா அந்தச் சண்டை நடந்திருக்காது. படுக்கை கிடைக்காம இருந்தாலும் நடந்திருக்காது. எனக்குக் கணக்குப் போடத் தெரியல.”

டீச்சருக்கும் தெரியவில்லை. இருவரும் திரையின் இரண்டு பக்கத்திலும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு அந்த அம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வேறு ஏதோ வேலையாகக் கூப்பிட்டவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உன் கண்ணைப் பார்த்தா நீ விழுந்துடுவே போல இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை பேர் கூப்பிடறாங்க?”

டீச்சர் உதட்டைப் பிதுக்கினாள். எண்ணுவதை விட்டு நாளாகியிருந்தது.

“நான் வீட்டுல சும்மாதான் உட்கார்ந்திருக்கேன். சும்மா இருந்தா அந்த வாளியையே பார்த்துக்கிட்டிருக்கேன். வர்றவங்களை என்கிட்ட அனுப்பு. பேர், வயசு, ஊரு, என்ன செய்யுது, எல்லாம் நான் கேட்டு எழுதி அனுப்பறேன். நீ போன்ல பேசு, போதும். காது கேக்காதவர்னு முதல் வரியில எழுதறேன். அதை யார் கிட்டயும் மறைக்காதே.”

அன்று தொடங்கி அப்படியே நடந்தது. அந்த அம்மாளுக்குப் பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். எழுத்தில் பிழை நிறைய. ஆனால் கேட்க வேண்டிய எதையும் விடவில்லை. பயந்து போய்க் கூப்பிடுகிறவர்களை முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்வாள். படுக்கை கிடைத்தவர்களிடம், உள்ளே போனால் என்னவெல்லாம் செய்வார்கள், மாஸ்க் எதற்கு, ஊசி எதற்கு என்று ஒன்று விடாமல் சொல்லி அனுப்புவாள். இதைச் செய்ய வேண்டும் என்று டீச்சருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தாலும் நேரம் இருந்ததில்லை.

அலை மெல்ல மெல்ல இறங்கியது. மண்டபங்களிலிருந்து கட்டில்களை எடுத்தார்கள். கடைசியில், இனி பெரிதாகத் தேவைப்படாது என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், அந்த ஃபைல் சுற்றி முடித்து வெளியே வந்தது. காது கேளாதவர்களுக்கு வீடியோ உதவி எண், இரண்டு பேருக்கு வேலை. ஆள் எடுக்கிற அன்று அந்த அம்மாள் பஸ் பிடித்து வந்தாள். எதிரே மூன்று அதிகாரிகள், பக்கத்தில் மொழிபெயர்க்க டீச்சர்.

“முன் அனுபவம் ஏதாவது உண்டா?” என்று ஒருவர் கேட்டார்.

டீச்சர் கேள்வியைக் கையால் சொன்னாள். அந்த அம்மாள் பதில் சொல்ல ஆரம்பித்து, சொல்லிக்கொண்டே போனாள். டீச்சர் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

வேலை கிடைத்தது. முதல் நாள் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும்படி டீச்சரைக் கூப்பிட்டார்கள். சின்ன அறை, இரண்டு மேசை, புதுத் திரையில் இன்னும் கிழிக்காத பிளாஸ்டிக் உறை. காலை முழுக்க யாரும் கூப்பிடவில்லை. மத்தியானத்துக்கு மேல் ஓர் அழைப்பு வந்தது. தூரத்து ஊரிலிருந்து ஒருவர், தடுப்பூசி எங்கே போடுகிறார்கள், போட்டால் காய்ச்சல் வருமா என்று கேட்டார்.

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தாள். அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உட்கார் என்று கையை மட்டும் பின்னால் காட்டினாள். பிறகு அவரிடம் பேர் கேட்டாள், ஊர் கேட்டாள், முன்னே வேறு நோய் உண்டா என்று கேட்டாள். அவசரமே இல்லாமல் ஒவ்வொன்றாக.

பதில் சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது டீச்சர் நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். மடியில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. செய்தி அதிகாரி, சாயங்காலக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிடுகிறார் போலும். அந்த அம்மாள் அவளை எழுப்பலாமா என்று கொஞ்சம் யோசித்தாள். போனை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த அழைப்புக்காகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.